வாக்கும் மறுப்பும்: கடலூர் – சிதம்பரம் வட்டார வரலாற்று நோக்கு

தமிழில் 'வாக்கு' என்னும் சொல் பேச்சைக் குறிக்கும், உறுதிமொழியைக் குறிக்கும், தேர்தலில் குடிமக்கள் அளிக்கும் ஒப்புதலையும் குறிக்கும். ஒரு சொல் இம்மூன்று பொருளையும் தாங்கி நிற்பதால், வாக்களியாமை என்பதும் மூவகைப் பொருள் தருவதாகிறது. வாக்களியாதவன் பேசாதிருக்கிறான், உறுதி கூறாதிருக்கிறான், ஒப்புதல் தர மறுக்கிறான். 'நிற்பவருள் எவரும் தகுதியுடையவராகத் தோன்றவில்லை. ஆதலின் எவருக்கும் என் வாக்கு இல்லை' என்று கூறுவோர் எல்லாத் தேர்தல் காலத்தும் உளர். அவர்தம் மௌனம் எத்தகையது, அது யார் செவியில் விழுந்தது, அதனால் விளைந்தது யாது என்பன கவிஞர்க்கும் வரலாற்றறிஞர்க்கும் ஒருங்கே உரிய வினாக்கள்.

வாக்குச்சாவடிக்கு வாராதாரை மூவகையினராகப் பகுக்கலாம். வேட்பாளர் மீது நிறைவின்மையால் ஒதுங்குவோர் ஒரு சாரார். தேர்தல் முறையே பிழையுடையது எனக் கருதி ஒதுங்குவோர் இன்னொரு சாரார். வர விரும்பியும் வரவிடாது தடுக்கப்படுவோர் மூன்றாம் சாரார். வாக்காளர் பட்டியலில் இம்மூவர் பெயர்க்கும் எதிரில் இருப்பது ஒரே வெற்றிடம். அவ்வெற்றிடத்தைப் பார்த்து எவர் எவ்வகையினர் என்று பிரித்தறிதல் இயலாது. கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டம் இம்மூவகையினரையும் கண்ட நிலம். ஆதலின் இப்பொருளை ஆராய்வதற்கு இவ்வட்டாரம் ஏற்ற களமாகிறது.

குடவோலை தரும் குறிப்பு

தமிழர்தம் தேர்தல் வரலாற்றைப் பேசுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலிருந்து தொடங்குவது மரபு. முதலாம் பராந்தகன் காலத்துக் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியாகத் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. நிலமும் மனையும் கல்வியும் அகவையும் தகுதிகளாக வகுக்கப்பட்டன. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தகுதியற்றோரை விலக்கும் வேலை, ஓலை குடத்தில் இடப்படுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதன் பின்னர் ஓலையை எடுத்தது ஒரு சிறுவனின் கை. 'இவர் வேண்டா' என்று கூறும் இடம் தெரிவுக்கு முந்திய கட்டத்திலேயே அமைந்திருந்தது. இம்முறை நிலமுடையோர்க்கும் மறை கற்றோர்க்கும் மட்டுமே உரியதாயிருந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆயினும் வேட்பாளர் தகுதியை எக்கட்டத்தில், எவர் ஆராய்வது என்னும் வினா ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையது என்பதை அக்கல்லெழுத்துகள் உணர்த்துகின்றன.

1920: ஒதுங்கியோரும் வென்றோரும்

இருபதாம் நூற்றாண்டில் வாக்களியாமை ஓர் அரசியல் படைக்கலமாக எடுக்கப்பட்டது 1920இல். மாண்டேகு – செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு அவ்வாண்டு நவம்பரில் தேர்தல் நிகழ்ந்தது. கல்வி, சுகாதாரம் முதலிய துறைகள் மட்டும் அமைச்சர் பொறுப்பில் விடப்பட்டு, நிதியும் காவலும் ஆளுநர் கையில் இருத்தப்பட்ட இரட்டையாட்சி முறை அது. செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரசின் சிறப்பு மாநாடு ஒத்துழையாமைத் தீர்மானத்தை ஏற்றது. சட்டமன்றப் புறக்கணிப்பு அதன் கூறுகளுள் ஒன்று.

அன்று வாக்குரிமை சொத்தையும் வரியையும் அளவாகக் கொண்டது. மாகாண மக்கள்தொகையில் நூற்றுக்கு மூவர் அளவினரே வாக்காளர். பெண்கள் அவருள் இலர். அவ்வாக்காளருள்ளும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் 63 இடங்களை நீதிக்கட்சி பெற்றது. கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர் பதவியை ஏற்க மறுத்தார். 1920 டிசம்பர் 17ஆம் நாள் முதல் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் தென்னார்க்காட்டைச் சேர்ந்தவரும் கடலூரில் வழக்கறிஞராக விளங்கியவருமான அ. சுப்பராயலு ரெட்டியார். உடல்நலக் குறைவால் 1921 சூலையில் அவர் விலகப் பானகல் அரசர் பொறுப்பேற்றார்.

நான்கில் மூவர் வாராத தேர்தலாயினும் அம்மன்றம் செயலற்றுக் கிடக்கவில்லை. 1921 ஏப்பிரலில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. ஒதுங்கியோர் ஒதுங்கியதற்குத் தக்க காரணம் இருந்தது. ஆயின் சட்டமியற்றும் பணி அவர்க்காகக் காத்திருக்கவில்லை. ஒதுங்கியோரின் எண்ணிக்கையைக் கொண்டு அரசின் ஒப்புதலின்மையை உலகுக்குக் காட்டலாம் என்று காங்கிரசார் எண்ணினர். வந்தோரின் எண்ணிக்கையைக் கொண்டு ஆட்சியை நடத்தலாம் என்று நீதிக்கட்சியார் கண்டனர். இருவர் கணக்கும் அவரவர் அளவில் பிழையன்று.

சட்டமன்ற நுழைவு வேண்டும் என்ற சுயராச்சியக் கட்சியினரும், வேண்டா என்ற இராசகோபாலாச்சாரியார் முதலியோரும் அடுத்த சில ஆண்டுகள் கடுமையாக வாதிட்டனர். 1937இல் காங்கிரசு முழு அளவில் தேர்தலில் நின்று, சென்னைச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 159 இடங்களைப் பெற்றபோது, தலைமையமைச்சராக அமர்ந்தவர் அன்று நுழைவை எதிர்த்த இராசகோபாலாச்சாரியாரே. கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலை அம்மாளும் அத்தேர்தலில் சட்டமன்றம் புகுந்தார். 1921இல் ஒத்துழையாமையில் இறங்கி, 1927இல் நீலன் சிலைப் போராட்டத்தில் சிறைசென்ற அவ்வம்மையார், முதல் தேர்தல் நிகழ்ந்தபோது வாக்குரிமையே இல்லாத பாலினத்தவர். புறக்கணிப்பு ஒரு தலைமுறைக்குள் பங்கேற்பாக மாறிய கதை அவர்தம் வாழ்விலேயே அடங்கியுள்ளது எனலாம்.

யாழ்ப்பாணத்து எதிரொலி

ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய காலந்தொட்டுத் தில்லையோடு நெருங்கிய உறவுடையது யாழ்ப்பாணம். அங்கும் புறக்கணிப்பு ஒருமுறை பெரிய அளவில் மேற்கொள்ளப்பட்டது. டொனமூர் அரசியலமைப்பு முழுத் தன்னாட்சியைத் தரவில்லை என்று கூறி, யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசு 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு வேண்டியது. இந்திய விடுதலைப் போராட்டத்தின் தாக்கம் அவ்விளைஞரிடம் ஆழப் பதிந்திருந்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்பு மனு அளிக்கவில்லை. தீவின் பிற பகுதியினரும் உடன் வருவர் என்ற எதிர்பார்ப்புப் பொய்த்தது. நான்கு இருக்கைகளும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அவ்விளைஞரின் கொள்கைத் தூய்மையை வரலாறு மறுக்கவில்லை. ஆயின் முடிவெடுக்கும் அவையில் அம்மூன்றாண்டும் அம்மக்களின் குரல் எழவில்லை.

2005ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிகழ்ந்தது வேறு வகை. விடுதலைப் புலிகள் விதித்த புறக்கணிப்பின் கீழ் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்கு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால். நாடு முழுவதும் மகிந்த இராசபக்ச வென்ற வேறுபாடு இரண்டு இலட்சத்தினும் குறைவு. தாமே விரும்பி ஒதுங்கியோர் எத்துணையர், அச்சத்தால் ஒதுங்கியோர் எத்துணையர் என்று பகுத்துரைக்க எவராலும் இயலாது. மௌனத்தின் பெருங்குறை இதுவே: அதன் பொருளைப் பேசாதவன் வரையறுப்பதில்லை, கேட்பவனும் வெல்பவனும் வரையறுக்கின்றனர்.

நிறைவின்மை கட்சியாக உருப்பெற்றது

மீண்டும் கடலூருக்கு வருதல் தகும். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தல் 1952இல் நிகழ்ந்தது. காங்கிரசு நிறுத்தும் வேட்பாளருள் தம் மக்களுக்கு உரிய இடமில்லை என்ற மனக்குறை வன்னியரிடையே மிகுந்திருந்தது. கடலூரைச் சேர்ந்த எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் அக்குறையை ஒதுங்குதலாக மாற்றவில்லை. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி என்னும் அமைப்பாக மாற்றினார். அக்கட்சி 19 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. பெரும்பான்மை பெறாத காங்கிரசு அக்கட்சியைப் பொருட்படுத்தாதிருக்க இயலவில்லை. 1954இல் காமராசர் அமைச்சரவையில் படையாட்சியார் இடம்பெற்றார். கட்சி பின்னர்க் காங்கிரசில் கரைந்தது என்பது உண்மையே. ஆயினும், 'நிற்பவர் பிடிக்கவில்லை' என்ற குறைக்கு 'நாமே நிற்போம்' என்ற விடையும் உண்டு என்பதை இவ்வட்டாரம் அன்றே காட்டியது.

சிதம்பரத்தின் நிலை இன்னும் நுட்பமானது. தில்லை என்றவுடன் நினைவுக்கு வருபவர் திருநாளைப்போவார் எனப்பெறும் நந்தனார். வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அவர். அவர் பெயரால் 1916இல் கல்விக் கழகம் நிறுவி, ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர் சுவாமி சகசானந்தர். சொத்தை அளவாகக் கொண்ட வாக்குரிமை அம்மக்களை வெளியே நிறுத்தியிருந்த நாளில் அவர் நியமன உறுப்பினராகச் சட்டமன்றம் சென்றார். 1952, 1957ஆம் ஆண்டுத் தேர்தல்களில் சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே நிறுத்தப்பட்ட மக்களுக்கு வாக்கு என்பது உள்ளே புகும் வாயிலாக அமைந்தது. அத்தகையோர் வாக்கை வேண்டா என்று கூறுவரேல், அதன் பின்னே கடுந்துயர் ஒன்று இருத்தல் வேண்டும்.

இரு புறக்கணிப்புகள், ஒரு தொகுதி

1980களின் இறுதியில் இவ்வட்டாரத்தின் இரு பெரும் மக்கட்பிரிவினரிடையேயும் புறக்கணிப்பு உணர்வு தோன்றியது. இட ஒதுக்கீடு வேண்டி 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய சாலை மறியலில் உயிர்கள் பல பறிபோயின. 1989 சனவரியில் நிகழ்ந்த சட்டமன்றத் தேர்தலைப் புறக்கணிக்க அச்சங்கம் அழைப்பு விடுத்தது. அவ்வாண்டு சூலை 16ஆம் நாள் அதன் வழியில் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்து, தேர்தல் களம் புகுந்தது.

1990இல் தொல். திருமாவளவன் தலைமையேற்ற ஒடுக்கப்பட்டோர் இயக்கம், பின்னர் விடுதலைச் சிறுத்தைகள் எனப் பெயர்பெற்றது. அது 1990களின் பெரும்பகுதி முழுவதும் தேர்தல் புறக்கணிப்பைக் கொள்கையாகக் கொண்டிருந்தது. எக்கட்சி வரினும் சேரியின் நிலை மாறவில்லை. தனித்தொகுதியில் வெல்வோரும் கட்சித் தலைமைக்கே கட்டுப்பட்டோர். ஆதலின் வாக்கு ஒரு பயனற்ற சடங்கு என்பது அவர்தம் வாதம். இது வேட்பாளர் மீதான நிறைவின்மையினும் ஆழமானது. தேர்தல் முறையின் மீதே வைத்த ஐயப்பாடு அது.

1993 செப்டம்பரில் தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்து, கடலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் உருவாயிற்று. 1999இல் அவ்வியக்கம் தன் நிலையை மாற்றியது. தமிழ் மாநில காங்கிரசோடு கூட்டுச் சேர்ந்து, சிதம்பரம் தனித்தொகுதியில் திருமாவளவன் மக்களவைக்கு நின்றார். எதிர்நின்று வென்றவர் பாட்டாளி மக்கள் கட்சியின் ஈ. பொன்னுசாமி. முன்னர்ப் புறக்கணித்த இரு இயக்கங்கள் ஒரே தொகுதியில் எதிரெதிராக நின்ற காட்சி அது.

அத்தேர்தல் நாளில் நிகழ்ந்தவை இவ்வட்டாரத்தின் நெஞ்சில் ஆறாத வடு. பல சிற்றூர்களில் ஒடுக்கப்பட்டோர் வாக்குச்சாவடிக்குச் செல்லவிடாது தடுக்கப்பட்டனர், குடிசைகள் எரிக்கப்பட்டன. பத்தாண்டு வாக்களிக்க மறுத்த மக்கள், வாக்களிக்க முன்வந்த நாளில் வாக்களிக்க மறுக்கப்பட்டனர். அவ்வளவும் கடந்து இரண்டேகால் இலட்சம் வாக்குகள் அவ்வேட்பாளருக்கு விழுந்தன. அவர் தோற்றார்; ஆயின் அவ்வெண்ணிக்கையை எவராலும் மறைக்க இயலவில்லை. பத்தாண்டுப் புறக்கணிப்பு எழுப்பாத வினாவை அவ்வொரு நாளின் வாக்கு எழுப்பியது. அவர்தம் வாக்கு பயனற்ற சடங்காக இருந்திருப்பின், அதைத் தடுக்க ஒருவரும் முயன்றிரார். வாக்கின் மதிப்பை அதனை வேண்டுவோரைவிட அதனைத் தடுப்போர் நன்கு அறிவர் என்பது சிதம்பரம் கற்பித்த பாடம். 2009இல் அதே தொகுதியில் அவர் வென்றார்.

மறுப்பின் பிற முகங்கள்

மறுப்பு எல்லாம் ஒரே தன்மையது என்று கொள்ளுதல் கூடாது. 1996ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டுப் பகுதியின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 வேட்பாளர்கள் நின்றனர். தம் குறைகளை எவரும் கேட்கவில்லை என்ற உழவர்கள், ஒதுங்குவதற்கு மாறாகத் திரண்டு நின்று தேர்தலையே திணறச் செய்தனர். வாக்குச்சீட்டு ஒரு நூலாயிற்று. வாக்குப்பதிவு ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. வைப்புத்தொகையை உயர்த்திச் சட்டம் அதற்கு விடையிறுத்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு 250 ரூபாயாக இருந்த அத்தொகை 5000 ரூபாயாயிற்று.

அதே 1996இல் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியார் அத்தேர்தலை ஏற்க மறுத்தனர். பத்தாண்டு முயன்று 2006இல்தான் அங்கு முறையான தேர்தல் நிகழ்ந்தது. அவர்களும் 'இவ்வேட்பாளர் எமக்கு வேண்டா' என்றே கூறினர். ஆயின் அம்மறுப்பு வேட்பாளரின் செயலையோ நேர்மையையோ எண்ணிப் பிறந்ததன்று. அவர்தம் பிறப்பை எண்ணிப் பிறந்தது. எனவே 'நிறைவின்மை' என்ற சொல்லைக் கேட்டவுடன் அதனை அறச்சீற்றம் என்று போற்றிவிடுதல் ஆகாது. எதன்மேல் நிறைவின்மை என்று வினவுதல் வேண்டும்.

பதிவேட்டிலிருந்து பொத்தானுக்கு

வராது ஒதுங்குவோனையும், வந்து மறுப்போனையும் பிரித்தறிய 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு வழி இருந்தது. 49-ஓ என்னும் அவ்விதியின்படி, வாக்காளர் சாவடிக்கு வந்து, பதிவேட்டில் ஒப்பமிட்டபின், வாக்களிக்க விருப்பமில்லை என்று கூறலாம். தலைமை அலுவலர் அதனைப் பதிவேட்டில் குறித்து, அவரிடம் மீண்டும் கையொப்பமோ கைவிரல் பதிவோ பெறுவார். கட்சி முகவர் சூழ்ந்திருக்க, ஊரார் பார்த்திருக்க, 'எனக்கு எவரும் வேண்டா' என்று வாய்விட்டுக் கூறுதல் எளியோர்க்கு எவ்வாறு இயலும்? வாக்களிப்போர்க்குக் கிடைத்த மறைவு, மறுப்போர்க்குக் கிடைக்கவில்லை.

மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பர் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈரோட்டு மண்ணில் பிறந்த தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, மறுப்பும் கருத்துரிமையின் பாற்பட்டதே என்றும், அதற்கும் மறைவு வேண்டும் என்றும் கூறியது. அதன்படி வாக்குப்பதிவுப் பொறியில் 'மேற்கண்ட எவருமில்லை' என்னும் பொத்தான் இடம்பெற்றது. தமிழகத்தில் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதனை 'நோட்டா' என்றே அழைக்கின்றனர். 2014ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் அதனை அழுத்தினர். நீலகிரித் தொகுதியில் மட்டும் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

ஆயினும் அப்பொத்தானுக்கு முடிவை மாற்றும் ஆற்றல் இல்லை. நோட்டா முதலிடம் பெறினும், வேட்பாளருள் மிகுதியான வாக்குப் பெற்றவரே வென்றவராவர். கொலம்பியா நாட்டில் வெற்று வாக்குகள் பாதிக்கு மேற்படின் புதிய வேட்பாளரோடு மறுதேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பே கூறுகிறது. இங்கு அது கணக்கில் எழுதப்படும், கணக்கைத் தீர்க்காது.

2019இல் சிதம்பரம் மீண்டும் ஒரு சான்றைத் தந்தது. திருமாவளவன் 3219 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அத்தொகுதியில் நோட்டா பெற்ற வாக்கு 15 ஆயிரத்துக்கும் மேல். வெற்றியை முடிவு செய்த வேறுபாட்டினும் பல மடங்கு மக்கள், இருவரும் வேண்டா என்று கூறியிருந்தனர். அவர்கள் வேறு வகையாக வாக்களித்திருப்பின் முடிவு எவ்வாறாயிருக்கும் என்று எவரும் கூற இயலாது. ஆயின் ஒன்று தெளிவு: 1920இன் மௌனத்தைப் போலன்றி, இம்மறுப்பு எண்ணப்பட்டது, பெயரின்றியேனும் ஏட்டில் ஏறியது.

முடிவுரை

இந்நூறாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. தேர்தலைப் புறக்கணித்த இயக்கங்கள் பலவும் ஒரு தலைமுறைக்குள் தேர்தலுக்குத் திரும்பியுள்ளன. திரும்பியபோது அவை வெறுங்கையோடு வரவில்லை. புறக்கணித்த காலத்தில் திரட்டிய அமைப்பையும் உணர்வையும் கொண்டு வந்தன. அமைப்பாகத் திரளாத ஒதுங்குதலோ ஒருவர் செவியிலும் விழாது போயிற்று. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து 'எல்லாரும் ஒன்றே' என்று கூறுவோனின் நிறைவின்மை எத்துணை நேர்மையுடையதாயினும், பதிவேட்டில் அது சோம்பலோடும் அச்சத்தோடும் ஒரே வெற்றிடமாய்க் கலந்துவிடுகிறது.

தகுதியற்றோரை விலக்கும் பணி ஓலை குடத்தில் இடப்படும் முன்பே நிகழ்தல் வேண்டும் என்றது உத்திரமேரூர். இன்று அப்பணி கட்சிகளின் அடைத்த கதவுக்குப் பின் நிகழ்கிறது. வாக்காளர் கையில் வருவது முடிந்துபோன பட்டியலே. மறுப்பு, பொத்தானோடு நின்றுவிடாது அக்கதவைத் தட்டும் அளவுக்கு வளருமேல் அது பயன்தரும்.

தாமே வெளியே நிற்பதும், பிறரால் வெளியே நிறுத்தப்படுவதும் வேறு வேறு. முன்னதற்கு உரிமை வேண்டும். பின்னதற்கு முடிவு வேண்டும். வாயிலுக்கு வெளியே நந்தனார் நின்ற ஊரில், 1999இல் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களை மறந்துவிட்டு வாக்களியாமையின் சிறப்பைப் பேசுதல் இயலாது. 'எவருக்கும் என் வாக்கு இல்லை' என்று கூறும் உரிமையும், அச்சமின்றிச் சாவடி வரை நடந்து செல்ல இயன்றவனுக்கே முழுமையாகக் கிட்டுகிறது. அந்நடைவழியை எல்லார்க்கும் திறந்து வைத்த பின்னரே மௌனமும் ஒரு வாக்காகும்.